முன் இருக்கைப் பயணி

எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் புனேயில் இருக்கிறது. அங்கே ஒரு நாள் யாரோ கணக்கெடுத்துப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார்கள். நாடு முழுக்க ஓடும் எங்கள் ஆரண்யா மின்சாரக் கார்களில், தமிழ்நாட்டு வண்டிகளுக்கு மட்டும் பேட்டரி இரண்டு மடங்கு வேகமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. வெயில்தான் காரணம் என்றார் ஒருவர். ராஜஸ்தானில் என்ன பனியா கொட்டுகிறது? சாலை சரியில்லை என்றார் இன்னொருவர். ஆறு மாதம் இப்படியே ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரைக் கோடி ரூபாய் வண்டி. வாங்கியவர்கள் சும்மா விடுவார்களா? கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பெயர் செண்பகராமன், ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டுக்கே போய் வண்டி பார்க்கும் டெக்னீஷியன்.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். அதற்காக எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அது ஓடவில்லை.

ஆரண்யாவில் சாரதி என்று ஒரு குரல் உண்டு. ஏறி உட்கார்ந்தால் வணக்கம் சொல்லும். உங்கள் முதுகுக்குத் தக்கபடி சீட்டை வளைக்கும், உங்கள் பக்கம் மட்டும் குளிரைக் கூட்டும், இடுப்பு பிடித்துக்கொண்டால் மெதுவாக அமுக்கிவிடும். இறங்கும்போது நீங்கள் பேசுவதை வைத்து, பயணம் முடிந்ததா, பாதியில் இறங்குகிறீர்களா என்று அதுவாகவே முடிவு செய்யும். பாதியில் இறங்குவதாகத் தோன்றினால் காத்திருப்பு நிலைக்குப் போய்விடும். சீட், ஏசி, வெளிச்சம், பாட்டு எல்லாம் விட்டது விட்டபடி நிற்கும். ‘நீங்கள் வரும் வரை’ என்று விளம்பரமே போட்டார்கள்.

நான் புனேக்காரரிடம் போனில் இதை விளக்கிய அழகை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"எங்க ஊர்ல யாரும் இறங்கும்போது போறேன்னு சொல்ல மாட்டாங்க சார். போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவாங்க."

"அப்படியென்றால் திரும்பி வருவார்கள்தானே?"

"வரமாட்டாங்க சார். வீட்டுக்குள்ள போய்ப் படுத்துத் தூங்கிருவாங்க."

"பிறகு ஏன் வருகிறேன் என்கிறார்கள்?"

"போறேன்னு சொல்லக் கூடாது சார். சொன்னா, ஒரேயடியாப் போறேன்னு ஆயிரும்."

"காரிடம் கூடவா?"

"வணக்கம் சொல்லுதுல்லா சார். பேசுற பொருள்கிட்ட எப்படி மொட்டையா இறங்கிப் போக முடியும்?"

தமிழ்நாடு முழுக்க ஆயிரத்துச் சொச்சம் வண்டிகள், இரவும் பகலும் ஏசியைப் போட்டுக்கொண்டு, தூங்கப் போன முதலாளிகளுக்காகக் காத்துக்கிடந்தன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், என் அறையில் நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவன் என்பது நினைவுக்கு வந்தது. சிங்காநல்லூரில் அந்த ஒற்றை அறைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது.

மென்பொருளைத் திருத்தி, இனிமேல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று வைத்தார்கள். அதற்கு முன்பே காத்திருக்க ஆரம்பித்திருந்த வண்டிகளில்தான் சிக்கல். ‘நீங்கள் வரும் வரை’ என்று எழுத்தில் கொடுத்திருந்ததால், காத்திருக்கச் சொன்னவரே முடித்துவைத்தால்தான் உண்டு, நாமாக முடிக்கக் கூடாது என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். அந்த முதலாளிகளுக்கெல்லாம் போன் செய்தோம். சிரித்துக்கொண்டே வந்து ஏறி உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் ஒரே ஒரு வண்டி பாக்கி நின்றது.

வடவள்ளி. சென்னியப்பன் என்பவர் பெயரில் உள்ள வண்டி. கணபதி பகுதியில் பம்ப்செட் பவுண்டரி வைத்திருந்தவர். வண்டி பதினான்கு மாதமாகக் காத்திருப்பு நிலையில் இருந்தது. இரவானால் வீட்டு சார்ஜரில் போடுவார்கள், காலையில் கழற்றுவார்கள், அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர் கூட ஓடவில்லை.

"ஆள் காணாமப் போயிட்டாருப்பா," என்றார் எங்கள் மேனேஜர் ஆல்வின். "போலீஸ்ல கம்ப்ளைன்ட் இருக்கு. ஏழு வருசம் ஆனாத்தான் கோர்ட்டுல ஏதாச்சும் சொல்லுவாங்க. அதுவரைக்கும் வண்டி தாங்காது. பேட்டரிய குளுத்தியா வெச்சிருக்கற பம்பு ஒரு நிமிசம் கூட நிக்காம ஓடிட்டிருக்கு. அது போச்சுன்னா தீப்பிடிச்சாலும் பிடிக்கும். அந்தம்மாகிட்டப் பேசிப் பாரு. முடியலன்னா, தீ ஆபத்துன்னு எழுதி வெச்சுட்டு லைனக் கட் பண்ணி, திங்கக்கிழமை லாரில ஏத்திட்டு வந்துரலாம்."

"அந்தம்மா பேசினா முடியுமா சார்? காத்திருக்கச் சொன்னது அவருல்லா?"

"முடியாது. இருந்தாலும் போய்ப் பாரு."

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். கேட் திறந்திருந்தது. போர்டிகோவில் கறுப்பு ஆரண்யா நின்றது. எனக்கு இடது முழங்கால் கொஞ்சம் மக்கர், இழுத்துத்தான் நடப்பேன். நான் நாலு அடி வைத்திருப்பேன், வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மடங்கியிருந்த நிலையிலிருந்து மெதுவாக விரிந்தன. முன்விளக்குகள் ஒருமுறை எரிந்து அடங்கின. காற்றைக் கொஞ்சம் விட்டு, வண்டி ஏறுவதற்கு வாகாகத் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டது.

வீட்டுக்குள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. ஓர் அம்மா வெளியே ஓடிவந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையெல்லாம் கோதுமை மாவு. வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. ஒரு விநாடிதான். பிறகு அது வாடிப்போய், விருந்தாளியை வரவேற்கும் முகமாக மாறிவிட்டது.

"வாங்க தம்பி. கம்பெனியிலிருந்துங்களா?"

"ஆமாம்மா. மன்னிச்சுக்கிடுங்க."

"எதுக்குங்க மன்னிப்பு? அவருக்கும் எடது கால் அப்படித்தானுங்க. பவுண்டரில அச்சு விழுந்தது. வண்டிக்கு அந்த நடைதான் அடையாளம். போன மாசம் கொரியர்காரர் ஒருத்தரு காலுல முள்ளு குத்தி நொண்டிட்டு வந்தாரு. அன்னைக்கும் இப்படித்தான் ஓடியாந்தேன்."

அவர் பெயர் வசந்தாமணி. காபி கொடுத்தார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் வேறு மனிதர் நடமாட்டமே இல்லை. சுவர்க் கடிகாரமும் வெளியே அந்த வண்டியின் மெல்லிய ரீங்காரமும்தான் கேட்டுக்கொண்டிருந்தன. ஏசி ஓடுகிற அந்தச் சத்தத்துக்கு அவர் காது பழகிவிட்டது போலிருக்கிறது. ரீங்காரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னேன். பம்பு, தீ, திங்கட்கிழமை, லாரி.

"லாரிலயா?" என்றார். "இந்தத் தெருவுல, எல்லாரும் பாக்க, தூக்கிட்டுப் போவீங்களா?"

"வேற வழியில்லம்மா."

"அவரு போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தானுங்க தம்பி போனாரு. போலீஸ்ல கேட்டாங்க, அதத்தான் சொன்னேன். எங்க அண்ணன்மாரு கேட்டாங்க, அவங்ககிட்டயும் சொன்னேன். ரயில் ஜங்ஷன் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, போயிட்டு வர்றேன் வசந்தான்னு சொல்லிட்டு எறங்கினாரு. அன்னைக்கு ராத்திரி யாரும் பாக்காம இழுத்துட்டு வந்துதானுங்க வண்டிய இங்க விட்டது. வண்டிக்கே தெரியும். அதனாலதான அது காத்துட்டு நிக்குது?"

வண்டியின் பதிவைத் திறந்து பார்க்க அவர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி, டேப்லெட்டில் வாங்கிக்கொண்டேன். வீட்டார் ஒப்புதல் இல்லாமல் அதை யாரும் திறக்க முடியாது. அதனால் இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை.

வண்டிக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே இருபத்திரண்டு டிகிரி. டிரைவர் சீட் நன்றாகப் பின்னால் தள்ளி, ஓர் உயரமான மனிதருக்காகச் சாய்ந்திருந்தது. வெற்று சீட்டைப் பார்த்து இரண்டு துளைகள் காற்றை ஊதிக்கொண்டிருந்தன. குளிர்ப்பெட்டிக்குள் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். பதினான்கு மாதமாகச் சில்லென்று இருந்திருக்கிறது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேபிளைச் செருகி, அவர் காணாமல் போன தேதிக்குப் போனேன். பேசியது எழுத்தாக வந்தது.

டிரைவர்: வசந்தா, நான் போறேன்.

சாரதி: பயணம் முடிந்தது. நன்றி.

அதன் பிறகு பதினோரு விநாடி ஒன்றும் இல்லை. ஏசி அணைந்திருக்கிறது. விளக்குகள் அணைய ஆரம்பித்திருக்கின்றன.

முன் இருக்கைப் பயணி: போயிட்டு வாங்க.

சாரதி: சரி, காத்திருக்கிறேன்.

முன் இருக்கைப் பயணி: ஏனுங்க, போயிட்டு வாங்க. கேக்குதுங்களா? போயிட்டு வாங்க.

டிரைவர் கதவு மூடப்பட்டது.

நான் அதைத் திரும்பவும் படித்தேன். காத்திருக்கச் சொன்னது அவர் இல்லை. அந்த அம்மாதான். பவுண்டரி முதலாளி தன் பெண்டாட்டியின் குரலை வண்டியில் பதிந்துவைக்கக்கூட இல்லை. வண்டிக்கு அந்த அம்மா வெறும் முன் இருக்கைப் பயணி. அந்தப் பயணியின் சொல்லுக்குத்தான் வண்டி பதினான்கு மாதமாக நின்றுகொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, தன் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"படிச்சிட்டீங்களா தம்பி?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியுமுங்க. பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

முன்கண்ணாடி வழியாக வாசலில் நின்ற மாதுளைச் செடியைப் பார்த்தபடி சொன்னார்.

"இருவத்தெட்டு வருசமுங்க. கோவிச்சிட்டுப் போன நாள்ல கூட போயிட்டு வர்றேன்னுதான் சொல்லியிருக்காரு. அன்னைக்கு அந்த வார்த்தையச் சொன்னாரு. வாய் தவறிச் சொல்லலீங்க. ரொம்ப நாளாச் சொல்லிப் பாத்து வெச்சிருந்த மாதிரி, பதறாமச் சொன்னாரு. பவுண்டரிய எனக்குத் தெரியாம வித்திருந்தாரு, அது அப்புறம்தான் தெரிஞ்சது. எனக்குக் காது கேக்காத மாதிரி நான் போயிட்டு வாங்கன்னேன். பதிலுக்குப் பதில் சொல்லிட்டா, அவரு சொன்னது மாறிடும்னு ஒரு நெனப்புங்க. அவரு திரும்பிக்கூடப் பாக்கல. வண்டி மட்டும் சரின்னு சொல்லுச்சு."

"அப்ப மத்தவங்ககிட்ட..."

"பொய்தானுங்க. போலீஸ்ல சொன்னதும் பொய். புருசன் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாருன்னு எந்த வாயால சொல்றது?"

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் அந்த மனிதர் மேல்தான். அந்த ஒரு சொல்லைக் கடனே என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே? எத்தனை பேர் அதை அர்த்தமில்லாமல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

என் வேலையை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். "அம்மா, காத்திருக்கச் சொன்னது நீங்கங்கதால, முடிக்கவும் உங்களால முடியும். லாரி வேண்டாம். நீங்க சாரதிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்ன வார்த்தைங்க?"

கையேட்டில் இருந்ததை வாசித்துக் காட்ட எனக்கு நாக்கு கூசியது. புனேயில் உட்கார்ந்து யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். "அவர் போயிட்டார். இல்லன்னா, அவர் வரமாட்டார்."

அவர் கை தானாகத் தாலிக்கொடிக்குப் போயிற்று.

"போயிட்டாருன்னா என்ன அர்த்தமுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா தம்பி? எழவு வீட்டுல சொல்ற வார்த்தையில்லீங்களா அது?"

"தெரியும்மா."

"எங்கியோ உசுரோட இருக்கற மனுசன. நான் சொல்ல மாட்டனுங்க. வண்டி எரிஞ்சா எரியட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. அவர் புருஷனுக்காகச் சாய்ந்திருந்த சீட்டில், போகாத இடத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவன் போல உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

"அம்மா, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்ததுங்க. சின்னக் காரு ஓட்டிட்டிருந்தேன். இது வந்தப்புறம் இந்தப் பக்கந்தான் உக்காந்தேன். இதத் தொட விடமாட்டாரு."

"அப்பச் சரி. உங்க குரலையும் உங்க அளவையும் தனியாப் பதிஞ்சு வைக்கேன். அப்படி வச்சா, அவருக்காகக் காத்துக்கிட்டே உங்களுக்கும் வண்டி ஓடும். நீங்க இறங்கினதும் சீட் பழையபடி அவருக்குத் திரும்பிரும். நாப்பதுக்கு மேல போகாம நீங்களே சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிட்டு வாங்க, நான் பக்கத்துல இருக்கேன். பம்பை மாத்தித் தாரேன். காத்திருப்பு அப்படியே இருக்கட்டும். ஆல்வின் சாருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு, பாத்துக்கிடலாம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்புடிச் செய்ய முடியுங்களா? முடிக்காமயே?"

"முடிக்காமயே."

டேப்லெட்டில் புதிய பெயரைத் திறந்தேன். சாரதி விழித்துக்கொண்டது.

"வணக்கம். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

"வசந்தாமணிங்க."

"வணக்கம் வசந்தாமணி. குளிர் எவ்வளவு வேண்டும்?"

"எனக்குக் குளிரு ஆகாதுங்க. கம்மியா வைங்க."

இயந்திரத்துக்கும் மரியாதை குறையாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பாட்டு வேண்டுமா? வேண்டாமுங்க. வேகம் அதிகமானால் எச்சரிக்கட்டுமா? சரிங்க. முதுகு வலி உண்டா? உண்டுங்க, யாருக்குத்தான் இல்லை? பேசப் பேச அவர் குரல் தெளிந்துகொண்டே வந்தது. அந்த வண்டியில் அவரிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நான் திரையில் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிக் கேள்வி இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். புது வண்டி கொடுக்கும் நாளில் எல்லாரிடமும் கேட்கும் சாதாரணக் கேள்விதான்.

"இந்த வண்டியில் உங்களோடு இன்னும் யார் யார் வருவார்கள்?"

ரேஷன் கார்டு விசாரிக்க வந்தவருக்குச் சொல்வது போல, யோசிக்காமல் சொன்னார்.

"யாருமில்லீங்க. நான் ஒருத்திதான்."

நான் வண்டித் திரையிலிருந்த ரத்து பொத்தானை அமுக்கக் கை நீட்டினேன். சீட் பின்னால் தள்ளியிருந்ததால் எட்டவில்லை.

"சரி," என்றது சாரதி. "காத்திருப்பு முடிந்தது."

டிரைவர் பக்கம் ஊதிக்கொண்டிருந்த காற்று நின்றது. பிறகு பின்னால் பம்பு நின்றது. வெளிச்சம் அணைந்தது. வெளியே தெருவில் ஒரு ஸ்கூட்டர் போகும் சத்தமும், எங்கோ குக்கர் விசிலடிப்பதும் கேட்டன. அவ்வளவு நாளும் அந்த வீட்டில் இவையெல்லாம் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

"நின்னுருச்சுங்களா?" என்றார்.

"நின்னுருச்சும்மா."

"நான் அந்த வார்த்தையச் சொல்லலியே தம்பி?"

"இல்லம்மா. நீங்க சொல்லல. என் தப்பு. அந்தக் கேள்வி வரும்னு நான் யோசிச்சிருக்கணும்."

"கேள்வில என்னங்க தப்பு?" என்றார். "கேட்டுச்சு, சொன்னேன்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பவும் காத்திருக்கச் செய்ய என்னிடம் வழி கிடையாது. செய்தாலும் பன்னிரண்டு மணி நேரம்தான். அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. தாலிக்கொடியிலிருந்து கையை எடுத்து, காய்ந்துபோன மாவை விரல் விரலாக உதிர்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி என் கதவுப் பக்கம் வந்து நின்றார்.

"எறங்குங்க தம்பி. வண்டிய ஓட்டிட்டுத்தானுங்க போகோணும்? பம்பு மாத்தோணும்ன்னீங்களே."

"லாரியே வரட்டும்மா. இப்ப ஒண்ணும் அவசரமில்ல."

"எறங்குங்க."

இறங்கினேன். அவர் ஏறி உட்கார்ந்தார். கால் பிரேக்குக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கியது. கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தது கூரைதான்.

"எட்டலீங்க," என்றார்.

"கதவுல பாருங்க, சீட் மாதிரியே ஒரு பொத்தான் இருக்குல்லா? அத முன்னால தள்ளுங்க."

தள்ளினார். சீட் நகர்ந்தது. கொஞ்சம் வந்ததும் கையை எடுத்துவிட்டார். பிறகு மறுபடியும் தள்ளினார். முன்னால் வந்தது, உயர்ந்தது, முதுகு நிமிர்ந்தது. அவர் செருப்பு பிரேக்கைத் தொட்டது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிடி சரியாக இருந்தது.

"வசந்தாமணி," என்றது சாரதி. "இந்த அளவைச் சேமிக்கட்டுமா? ஒன்றாம் எண்ணில் ஏற்கெனவே ஓர் அளவு இருக்கிறது. அதை அழித்துவிடலாமா?"

அவர் கதவிலிருந்த மூன்று எண்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், வண்டியிடமே சொன்னார்.

"ரெண்டுல வைங்க. ஒண்ணு அதுபாட்டுக்கு இருக்கட்டும்."